பெற்றோலின் ஒக்டேன் எண்ணும் எஞ்சினின் நலனும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியர் ஒருவரிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியத் துறை சார்ந்த ஏதேனுமொன்றாகவே இருந்திருக்கும். பெற்றோலைப் பற்றி எழுதவிருக்கின்றோம் என்றதும் அவர்கள் ஒருவரையொருவர் நோக்கிக்கொண்டனர். அது எமது துறை அன்று என்பதை நாமும் அறிவோம். ஆயினும் பழைய மாணவர் ஒருவர் கேட்ட வினாவொன்று சில ஆண்டுகளாக எம்மிடம் கடனாக நிற்கின்றது. அவரும் அவரைப் போன்ற பிறரும் ஒருங்கு கூடும் இம்மலரிலே அக்கடனைத் தீர்ப்பதே முறை எனத் தோன்றிற்று.

2022 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நாடெங்கும் எரிபொருளுக்காக மக்கள் வரிசையில் நின்றமை யாவரும் அறிந்ததே. அவ்வாண்டு யூன் 26 ஆந் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவாகவும், 95 ஒக்டேன் பெற்றோல் 550 ரூபாவாகவும் உயர்ந்தன. அந்நாள்களில் ஒருமுறை நாம் மோட்டார் சைக்கிள் வரிசையிலும், அம்மாணவர் கார் வரிசையிலுமாக அருகருகே நிற்க நேர்ந்தது. அவர் கிழமைக்கு இருமுறை தம் தாயாரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டியவர். இரண்டாம் நாட் காலையில், வந்திருப்பது 92 மட்டுமே என்ற செய்தி வரிசை வழியே பரவிற்று. அவர் எம்மிடம் வந்து, “சேர், நான் எப்பவும் 95தான் அடிக்கிறனான். 92 அடிச்சால் எஞ்சின் பழுதாகும், சைலன்சரும் போயிடும் எண்டு சொல்லுகினம். உண்மையே?” என்று கேட்டார். வரிசையை விட்டு விலகினால் அடுத்த பெற்றோல் எப்போது வருமென எவருக்குந் தெரியாது. “இப்ப கிடைக்கிறதை அடிச்சுக்கொண்டு போம் தம்பி, அம்மாவின்ரை அலுவலைப் பாரும்” என்றோம். சொல்லிவிட்டோமேயன்றி, அவர் கேட்டதற்கு விடை எமக்கு அன்று தெரியாது. பின்னர் விஞ்ஞானம் கற்பிக்கும் எமது நண்பர்களிடமும், கராஜ் வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடமும், நூல்களிலும் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் அந்த எண்ணின் பொருளை அறிதல் வேண்டும். பெற்றோல் என்பது தனிப் பொருளன்று. காபனும் ஐதரசனும் சேர்ந்த பலநூறு சேர்வைகளின் கலவை. அவற்றுள் எட்டுக் காபன் அணுக்களை உடையதற்கு ஒக்டேன் எனவும், ஏழு அணுக்களை உடையதற்கு ஹெப்டேன் எனவும் பெயர். எட்டு, ஏழு எனப் பொருள்படும் பழைய ஐரோப்பிய மொழிச் சொற்களே அப்பெயர்களின் முதற்பகுதிகளாக உள்ளன. ஒக்டேனின் ஒரு வகையாகிய ஐசோ ஒக்டேன், சிலிண்டருக்குள் எவ்வளவு நெருக்கினாலும் எளிதில் தானாகப் பற்றாதது. ஹெப்டேனோ சிறிது நெருக்கினாலும் பற்றிக்கொள்வது. அமெரிக்காவில் கிரகாம் எட்கர் என்னும் இரசாயன அறிஞர் 1926 ஆம் ஆண்டையொட்டி இவ்விரண்டையும் இரு எல்லைகளாக நிறுத்தி, முன்னையதற்கு 100 எனவும் பின்னையதற்கு 0 எனவும் மதிப்புக் கொடுத்து ஓர் அளவுகோல் அமைத்தார். ஆகவே 92 என்றால், 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவுக்குத் தாக்குப்பிடிக்குமோ அவ்வளவுக்கு இப்பெற்றோலும் தாக்குப்பிடிக்கும் என்பதே பொருள். அதில் 92 பங்கு ஒக்டேன் இருக்கின்றது என்பது பொருளன்று. 95 ஆனது 92 ஐவிடச் சக்தி மிக்கது என்பதும் பொருளன்று. இப்பிழையான கருத்து எம்மவரிடையே மிகப் பரவியுள்ளது. இவ்வெண் பொறுமையின் அளவு. வலிமையின் அளவு அன்று.

எதைப் பொறுத்தல் என்பதுதான் அடுத்த வினா. சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோல் ஆவியும் புகுகின்றன. பிஸ்ரன் மேலெழுந்து அவற்றை நெருக்குகின்றது. நெருக்கப்பட்ட வாயு சூடேறுகின்றது. அந்நிலையில் பிளக்கின் பொறி அதனைப் பற்றவைக்கின்றது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் இது செக்கனுக்கு 25 தடவை நிகழ்கின்றது. பலரும் நினைப்பதுபோல அங்கே நிகழவேண்டியது வெடிப்பன்று. காய்ந்த பனையோலைக் குவியலின் ஒரு மூலையில் வைத்த தீ மறுமூலை நோக்கிப் படர்வதுபோல, பொறியிலிருந்து புறப்பட்ட சுவாலை ஒழுங்காகப் படர்ந்து பிஸ்ரனைத் தள்ள வேண்டும். ஆனால் சுவாலை படரப் படர, இன்னும் எரியாது எஞ்சிய மூலையிலுள்ள வாயு மேலும் நெருங்கிச் சூடேறுகின்றது. பொறுமை குறைந்த எரிபொருளாயின், சுவாலை வந்து சேருமுன்னரே அம்மூலை முழுவதும் ஒருங்கே தானாகப் பற்றிவிடும். தள்ளவேண்டியது அடிக்கத் தொடங்கிவிடுகின்றது. வெளியே நிற்பவருக்கு அது உலோகத்தில் ஆணியாற் தட்டுவதுபோலக் கேட்கும். கராஜ்காரர் ‘தட்டுது’ என்பர்.

இந்தத் தட்டல் எப்போதாவது சிறிது கேட்பதால் எஞ்சின் கெடுவதில்லை. மேட்டில் ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் ஓயாது தொடருமாயின் தீமை உண்டு. பிஸ்ரனின் மேற்பரப்பையொட்டி மெல்லிய வாயுப் படலம் ஒன்று நின்று உலோகத்தைச் சூட்டிலிருந்து காக்கின்றது. தட்டலின் அமுக்க அலை அப்படலத்தைச் சிதைத்துவிடுவதால் வெப்பம் நேரே உலோகத்துட் புகும். பிஸ்ரனின் விளிம்பு பொரிந்து குழிவிழும், வளையங்கள் பொருந்தும் வரம்புகள் உடையும், கசுக்கெற் எரியும். குறைந்த ஒக்டேன் எஞ்சினுக்குத் தீங்கு என்னும் கூற்றில் உள்ள உண்மை இவ்வளவே. அத்தீங்கு எண்ணிலிருந்து வருவதன்று, தட்டலிலிருந்து வருவது.

தட்டலை நிறுத்த மனிதர் பட்ட பாடு ஒரு தனிக் கதை. அமெரிக்காவில் சாள்ஸ் கெற்றரிங் என்பாரின் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ஜ்லி என்னும் இளைஞர் 1916 ஆம் ஆண்டிலிருந்து இதனை ஆராய்ந்தார். பனிக்காலம் முடியுமுன்னே பூக்கும் செந்நிறச் செடியொன்று சூட்டை விரைந்து உறிஞ்சுவதாற் பூக்கின்றதோ எனக் கருதிய அவர், எரிபொருளையும் செந்நிறமாக்கினால் என்ன என எண்ணினார். சாயம் கைக்கு எட்டாமையால் அயடீனைக் கலந்தார். தட்டல் நின்றது! பின்னர் உண்மையான செஞ்சாயங்களைக் கலந்து பார்த்தால் ஒன்றும் பயன்தரவில்லை. நிறத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அயடீனின் இரசாயனத் தன்மையே காரணம். பிழையான வழியிற் சென்று சரியான விடையை எழுதிவைக்கும் மாணவரை வகுப்பிலே நாம் கண்டிருக்கின்றோம். ஆய்வுகூடத்திலும் அவர்கள் உண்டு. அயடீன் விலை மிக்கதாகையால் அவர் மேலும் தேடி, 1921 டிசெம்பர் 9 ஆந் திகதி ஈயச் சேர்வையொன்றில் விடையைக் கண்டார். 1923 இல் ஈயம் கலந்த பெற்றோல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டிலேயே அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் அச்சேர்வையைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் நஞ்சேறி இறந்தனர். அவ்வாறாகியும் ஏறத்தாழ நூறாண்டு உலகம் அதனையே எரித்தது. இலங்கை 2002 இல் அதனைக் கைவிட்டது; உலகிற் கடைசியாக அல்ஜீரியா 2021 இற் கைவிட்டது.

இனி, நூலிற் படித்ததை விட்டு, கண்ணாற் கண்டதற்கு வருவோம். குறைந்த ஒக்டேன் எண்ணை எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்னும் சோதனையை, எவரும் விரும்பிச் செய்யாத அளவுக்கு, யாழ்ப்பாணத்தவர் செய்து பார்த்திருக்கின்றனர். 1990 ஆம் ஆண்டு யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. அரிதாகக் கிடைத்தது மருந்துக்கு நிகரான விலையில் மருந்துப் போத்தலிலேயே விற்கப்பட்டது. எஞ்சிய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் 92 இன் மூன்றிலொரு பங்கையும் எட்டாது.

எமது பெரியப்பாவிடம் ஓர் ஒஸ்ரின் ஏ-40 இருந்தது. அதன் நெருக்கல் விகிதம் ஏறத்தாழ 7. அதாவது சிலிண்டரில் 7 பங்கு இடத்தில் இருந்த வாயுவை 1 பங்கு இடத்துக்குள் நெருக்குவது. இன்றைய கார்களில் அது பத்துக்கு மேல். குறைவாக நெருக்குவதால் அந்தப் பழைய எஞ்சின் குறைந்த எரிபொருளையும் ஒருவாறு ஏற்றுக்கொண்டது. ஆயினும் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் விட்டு, கைபிடியாற் சுழற்றிக் கிளப்பி, எஞ்சின் சூடேறும்வரை அவ்வாறே ஓடவிட்டு, அதன்பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இது எம்மவர் கண்டுபிடிப்பென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். இரண்டாம் உலகப் போரின் பின் இங்கிலாந்தில் உழவு இயந்திரங்கள் சில இதே முறையில் ஓடின எனப் பின்னர் அறிந்தோம். ஆனால் அங்கே மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண்ணை ஓரளவு உயர்த்தி விற்றனர். எஞ்சினையும் அதற்கேற்ப அமைத்தனர். எமக்கு அவ்விரண்டும் வாய்க்கவில்லை.

1991 இல் நாம் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஜாம் போத்தல் விளக்கில் படித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் இரவு அயல்வீட்டு அக்காவுக்குப் பிரசவ வேதனை கண்டது. பெரியப்பாவின் காரில் மண்ணெண்ணெய் இல்லை. நான்கு வீட்டு விளக்குகளிலிருந்தும் ஊற்றிச் சேர்த்தனர். எமது விளக்கும் அவற்றுள் ஒன்று. பெற்றோற் போத்தலைப் பிடிக்கும் பொறுப்பு எமக்கு. “தம்பி, கனக்க விடாதை, துளி துளியாய் விடு” என்று பெரியப்பா கைபிடியைச் சுழற்றியபடியே சொன்னது இன்றும் காதில் நிற்கின்றது. மூன்றாவது சுழற்சியிற் பிடித்தது. வெண்புகை முற்றத்தை மூடிற்று. பெரியாஸ்பத்திரிக்குச் செல்லும் வழியெல்லாம் எஞ்சின் தட்டிக்கொண்டே சென்றதாம். பெரியப்பா பொறி விழும் நேரத்தைப் பிந்தவைத்து, காலை மெல்ல வைத்து, மாட்டு வண்டியின் வேகத்திற் கொண்டுசென்று சேர்த்தார். யாழ்ப்பாணத்தில் மலையில்லாமை அக்காலத்து எஞ்சின்களுக்கு வாய்த்த பேறு. அன்று பிறந்த பெண் இன்று முப்பது வயதைக் கடந்துவிட்டாள்.

ஐந்தாண்டுகள் இவ்வாறு ஓடிய அந்த எஞ்சினை, 2002 இல் ஏ-9 பாதை திறந்து உதிரிப் பாகங்கள் வந்தபின்னரே கழற்றிப் பார்த்தனர். மூன்றாவது பிஸ்ரனின் விளிம்பு கறையான் அரித்தாற்போலப் பொரிந்திருந்தது. அது தட்டலின் வேலை. ஆனால் அதனினும் பெரிய சேதம் வேறிடத்தில் இருந்தது. சிலிண்டர்ச் சுவர்கள் கீறுண்டும், பெயரிங்குகள் தேய்ந்தும் கிடந்தன. அக்காலத்திற் பெரியப்பா ஒயில் அளவுகோலை உருவிப் பார்த்து, “குறையவேண்டிய ஒயில் கூடுது” என்று வியந்ததன் காரணம் எமக்கு அப்போதுதான் விளங்கிற்று. ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, சுவரிலிருந்த ஒயிலையும் கழுவிக்கொண்டு, அடியிலுள்ள ஒயிலை நீர்த்துப்போகச் செய்திருந்தது. ஆகவே அந்த எஞ்சினைப் பெரிதும் அழித்தது ஒக்டேன் குறைவன்று, ஆவியாகாமையே. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே இன்றும் பலர் 92 ஐக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் என்பது எமது துணிபு. 92 உம் 95 உம் ஒருபோலவே நன்கு ஆவியாகும் பெற்றோல்கள். மண்ணெண்ணெய்க் கலப்படமோ முற்றிலும் வேறு. 2022 ஓகத்துவரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாகவே இருந்தமையும், பின்னரே 340 ரூபாவாக உயர்ந்தமையும் வாசகர் நினைவில் இருக்கலாம். ஐந்து மடங்கு விலை வேறுபாடு இருக்கும்போது கலக்கும் ஆசை எவருக்கேனும் எழுவது இயல்பு. எண்ணைக் கண்டு அஞ்சுவோர் உண்மையில் அஞ்சவேண்டியது அதற்கே.

பெரியப்பாவின் காரைத் திருத்தியெடுத்த அதே 2002 இல் ஈயப் பெற்றோலும் நின்றதால் வேறொரு சிக்கல் எழுந்தது. ஈயம் தட்டலைத் தடுத்ததோடு, பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்களின் வால்வு ஆசனங்களில் மெல்லிய காப்பாகவும் படிந்து வந்தது. அது நின்றதும் ஆசனங்கள் தேயலாயின. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வைத்திருக்கும் அன்பர்கள் சிலர் இதனையும் ஒக்டேன் குறைவென எண்ணி 95 அடிக்கின்றனர். அது பயனற்ற செலவு. கடினமான ஆசனங்களைப் பொருத்துவித்தலே அதற்குப் பரிகாரம்; பெரியப்பாவும் அவ்வாறே செய்வித்தார்.

இன்றைய கார்களுக்கு வருவோம். 1980களிலிருந்து பரவலாகிவந்த ஓர் ஏற்பாடு எஞ்சினுக்கே காது வைத்ததுபோன்றது. எஞ்சினின் உடலிற் பொருத்திய உணரி தட்டலின் அதிர்வைக் கேட்டுக் கணினிக்கு அறிவிக்கும். கணினி உடனே பொறியின் நேரத்தைச் சற்றுப் பிந்தவைக்கும். பெரியப்பா கையாற் செய்ததை அது செக்கனுக்குப் பலமுறை செய்கின்றது. எனவே 95 வேண்டும் எஞ்சினில் ஒருமுறை 92 அடித்துவிட்டால் எஞ்சின் உடையாது. வலு சற்றுக் குறையும். எரிபொருள் சற்றுக் கூடச் செலவாகும். ஆயின் அதையே வழக்கமாக்கி, நிறைந்த பாரத்தோடு கண்டிக்கப்பால் மலைப்பாதையில் ஏறினால், உணரியாலும் ஈடுகொடுக்க முடியாத நிலை வரலாம். ரேர்போ பொருத்திய சிறு எஞ்சின்களுக்கு இது மேலும் பொருந்தும். அவற்றுக்கு விதித்த எண்ணைக் குறைத்தலாகாது. மறுபுறம், 92 போதுமென அமைத்த எஞ்சினுக்கு 95 ஊற்றுவதால் வலுவும் வராது, தூய்மையும் வராது.

சைலன்சரைப் பற்றியும் அம்மாணவர் கேட்டாரல்லவா? சைலன்சரின் பகை பெரும்பாலும் நீர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகின்றது. நெடுந்தூரம் ஓடினால் அது ஆவியாக வெளியேறும். வீட்டிலிருந்து சந்திக்கும், சந்தியிலிருந்து வீட்டுக்குமாக ஓடும் காரில் அது குழாயினுள்ளே தங்கி இரும்பைத் துருவாக்கும். இதற்கும் ஒக்டேன் எண்ணுக்கும் தொடர்பில்லை. குழாயின் முற்பகுதியிலுள்ள ஊக்கி மாற்றி என்னும் உறுப்பே கவலைக்குரியது. தேன்கூடு போன்ற மட்பாண்டக் கண்ணறைகளில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் என்னும் விலைமிக்க உலோகங்களைப் பூசி, நச்சுப் புகையைத் தீங்கற்றதாக மாற்ற அமைத்தது அது. அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து பரவலாயிற்று. ஈயம் அப்பூச்சைச் செயலற்றதாக்கிவிடும். ஈயத்தை உலகம் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எரியாத எரிபொருள் அங்கு சென்று எரிந்தாலும் கண்ணறைகள் உருகிவிடும். பழுதான பிளக், மண்ணெண்ணெய்க் கலப்பு ஆகியன அதனைச் செய்யும். 92 தானாக அதனைச் செய்யாது. பொறி பிந்தும்போது புகை சற்றுக் கூடிய சூட்டோடு வெளியேறும் என்பது மெய். அதனாலும், 95 வேண்டும் காரில் 92 ஐ நீண்டகாலம் ஊற்றிக் கடுமையாக ஓட்டுதல் தகாது.

கடல் கடந்து வாழும் எமது பழைய மாணவர்க்காக ஒன்று. கனடாவிலிருந்து வருவோர், “நாங்கள் அங்கை 87 தானே அடிக்கிறம்” என்று இங்குள்ளோரைக் குழப்புவதைக் கேட்டிருக்கின்றோம். ஒக்டேன் எண்ணை அளக்கும் முறை இரண்டு. சோதனை எஞ்சினை 600 சுழற்சியில் ஓட்டி அளப்பது ஒன்று. 900 சுழற்சியில், கூடிய சூட்டில் அளப்பது மற்றொன்று. இரண்டாவது எப்போதும் குறைந்த எண்ணையே தரும். இலங்கையும் இங்கிலாந்தும் முதலாவதை எழுதுகின்றன; கனடாவும் அமெரிக்காவும் இரண்டின் சராசரியை எழுதுகின்றன. அங்குள்ள 87 ஏறத்தாழ எமது 91, 92 க்கு நிகரானது.

யப்பானிலோ சாதாரணப் பெற்றோலுக்கு, எமது கணக்கின்படி, 89 இருந்தாற் போதுமென்பது நியமம். எமது தெருக்களில் ஓடுவனவற்றுட் பெரும்பாலானவை அந்நாட்டுக் கார்கள். அவற்றுட் பல அந்தச் சாதாரணப் பெற்றோலுக்கென்றே அமைந்தவை. எனவே தம் காருக்கு எந்த எண் வேண்டுமென அறிய விரும்புவோர் அயலவரைக் கேட்பதிலும் பெற்றோல் ஊற்றும் மூடியின் உட்புறத்தைப் பார்ப்பது நன்று. அங்கே எழுதியிருக்கும்.

இதனை எழுதுமுன் அம்மாணவரைக் கண்டு, அவருடைய காரின் மூடியைத் திறக்கச் சொன்னோம். உட்புறத்தில் யப்பானிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. அவருக்கும் படிக்கத் தெரியாது, எமக்கும் தெரியாது. படமெடுத்து, யப்பானிற் கல்வி பயின்ற இன்னொரு பழைய மாணவருக்கு அனுப்பினோம். மறுமொழி அன்று மாலையே வந்தது: “சேர், ஈயமில்லாத சாதாரணப் பெற்றோல் எண்டு போட்டிருக்கு.” எட்டு ஆண்டுகளாக 95 ஊற்றிவந்த அவர், அந்த மூடியை இன்னும் இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார்.